வானத்துக்கு ஒத்தடம்

வடமேட்டுக்குப்பம்,
மாமல்லபுரம் வழி.
10.9.1995

அன்பு மகன் கிஷோருக்கு நைனா காத்தவராயன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அம்மா ரத்னாவும் தம்பி லட்சுமணனும் சுகம். என் இடது கால் மட்டும் தனி நாடு கேட்கிறது. மற்றபடி உடம்பு ஒற்றுமையாகத்தான் இருக்கிறது. அந்தக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கால் முடங்கிக் கடலுக்குப் போவது நின்ற பிறகு ஊர் எனக்குக் கொடுத்த உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்த்துவருகிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தென்னைமரத்தில் நீ கம்பி கட்டிக்கொடுத்தாயே, அதே ரேடியோதான். தினம் சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சென்னை நிலையத்தைப் பிடித்து, மீனவருக்கு எச்சரிக்கை உண்டா என்று கேட்கிறேன். உண்டென்றால் மணல்மேட்டு மூங்கிலில் சிவப்புத் துணியை ஏற்றுகிறேன். துணி பறக்காவிட்டால் விடிகாலையில் கட்டுமரங்கள் இறங்கும். ஒன்பதாம் வகுப்பில் மூன்று தரம் உட்கார்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய ஆபீசர் வேலை எவன் தருவான்? இப்போது ஊரில் வேறு யாரும் செய்தி கேட்பதே இல்லை. 'காத்தவராயன் கேப்பான்' என்று விட்டுவிட்டார்கள்.

வேண்டாக்காவின் டீக்கடையில் 'உன் பெரியவன் அங்க இன்னாதான் வேல பாக்கறான்?' என்கிறார்கள். 'ரேடியோ வேலை' என்றேன். 'ரிப்பேரா?' என்றார்கள். 'பெரிய ரேடியோ' என்று சமாளித்தேன். என் மானத்தைக் காப்பாற்ற நாலு வரி எழுது.

தம்பிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
நைனா

அண்ணாத்த, நைனா வுடற கதைக்கு வேண்டாக்கா டீ ஓசியா ஊத்துது. அங்க கடலுக்குப் போறவன் குளுருக்கு இன்னா போட்டுகினு போறான்? — லட்சு


டிரோம்சோ, நார்வே.
2.10.1995

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே காதை மூடாமல் தூங்கினால் காலையில் காதைத் தேட வேண்டும். உங்கள் காலுக்குத் தைலம் தவறாமல் தடவுங்கள்.

டீக்கடைக்கு நாலு வரி. தலைக்கு மேலே எண்பது, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் காற்று மிக மெல்லிசு. வெயில் பட்டு அங்கே மின்துகள்கள் பிரிந்து மிதக்கின்றன. தூரதேசத்து ரேடியோ அலைகள் அந்த அடுக்கில் பட்டுத்தான் தரைக்குத் திரும்பி வருகின்றன. இங்கே ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஏரியல் கம்பங்களை நட்டு, ஒரு மெகாவாட்டுக்கும் மேலான சக்தியை நேரே மேலே அனுப்புகிறோம். எங்கள் தலைக்கு மேலிருக்கும் ஒரு துண்டு வானம் சூடாகும். சில சமயம் லேசாகச் சிவக்கும், அதுவும் காமிராவுக்குத்தான் தெரியும். அணைத்தால் சூடு நொடியில் ஆறிவிடும். கலைந்த துகள்கள் பழையபடி சேரத்தான் சில நிமிஷம் பிடிக்கும். சும்மா கிடக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் குணம் தெரியாது, கொஞ்சம் சீண்டினால் தெரிந்துவிடும். நம் லட்சு மாதிரி.

ஒரு வேடிக்கை: நாங்கள் சூடாக்கிய இடத்தின் வழியே வேறொரு நிலையத்தின் அலை போனால், எங்கள் இரைச்சல் அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆனால் சூரியனுக்கு முன்னால் நாங்கள் கொசு. அது ஒரு தரம் சீறினால் பகலாக இருக்கிற பாதி உலகத்தில் தூரத்து ரேடியோ எல்லாம் ஊமையாகிவிடும். இருட்டில் இருக்கிற பாதிக்கு ஒன்றும் ஆகாது.

லட்சு, இங்கே ரப்பர் பூசின மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். எத்தனை தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும். உனக்கு ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கிஷோர்


வடமேட்டுக்குப்பம்,
30.10.1995

அன்பு மகனுக்கு,

எல்லாரும் சுகம். கால் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

உன் கடிதத்தை டீக்கடையில் மூன்று நாள் படித்தேன். முதல் நாள் கேட்டார்கள், இரண்டாம் நாள் கேட்கவைத்தேன், மூன்றாம் நாள் வழிமறித்துப் படித்தேன். 'சுருக்கமா சொல்லு' என்றாள் வேண்டாக்கா. 'வானத்துக்கு ஒத்தடம் குடுக்கிறான் என் பையன்' என்றேன். கடையே அமர்க்களப்பட்டது. ஒரு ரேடியோவின் குரலில் இன்னொன்றின் இரைச்சல் ஏறும் என்று எழுதியிருந்தாயே, அதைக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொன்னேன். 'நெனச்சா மெட்ராசு ரேடியோவையே நிறுத்திப்புடுவான்' என்றும் சொல்லிவைத்தேன். பெற்றவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

உன் அம்மா மட்டும், 'ஒத்தடம் குடுத்தா வலி எங்கியோ கீதுன்னு அர்த்தம். வானத்துக்கு இன்னா வலி?' என்று கேட்டாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

ஆசிகளுடன்,
நைனா

அண்ணாத்த, கோட்டு எனக்குப் பெருசா இருந்தாலும் பரவாயில்ல, சின்னதா வாங்கிடாத. பொங்கலுக்கு வருவியா? — லட்சு


வடமேட்டுக்குப்பம்,
19.12.1995

கிஷோருக்கு,

தந்தி கிடைத்தது என்று தெரிந்தது. வர வேண்டாம் என்று அதில் சொல்லியும் நீ டிக்கெட்டுக்கு அலைந்ததை மாமல்லபுரம் டெலிபோன் பூத்துக்காரர் வந்து சொன்னார். வந்தும் பார்க்க இங்கே ஒன்றுமில்லை. தம்பியைக் கடல் திருப்பித் தரவில்லை. பதினாறாம் நாள் அவன் சட்டையை வைத்துக் காரியம் செய்தோம்.

நடந்தது இதுதான். நவம்பர் 24 சாயங்காலம் நான் துணி ஏற்றவில்லை. மறுநாள் விடிகாலையில் ஏழு கட்டுமரம் இறங்கியது. நம் சின்ன மரத்தில் அவன் ஒற்றையாய்ப் போனான். வாடைக்காற்று திடீரென்று எழும்பியது. ஆறு மரம் திரும்பியது. முந்தின சாயங்காலமே ரேடியோவில் எச்சரிக்கை சொல்லியிருந்தார்களாம். நம் ரேடியோ அந்த நேரத்தில் ஒரே கரகரப்பு, ஒன்றும் கேட்கவில்லை. ஊராரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அதிலிருந்து ஒரு பேச்சுக் கிளம்பியிருக்கிறது. 'உன் பெரியவன் மிஷினு வேலைதான்' என்கிறார்கள். நான் படித்துக்காட்டிய கடிதத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். அம்மாவும் நம்பிவிட்டாள். உன் பள்ளிக்கூடப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறாள். உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

அன்று சாயங்காலம் அந்த மிஷின் ஓடியதா? கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
நைனா

பழக்கதோஷத்தில் கீழே இடம் விட்டுவிட்டேன்.


டிரோம்சோ,
8.1.1996

நைனா,

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே இப்போது சூரியனே எழுவதில்லை. அது ஒருவிதத்தில் வசதியாக இருக்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன். பதிவேட்டைப் பார்த்தேன். உங்கள் ஆறே முக்கால் எங்களுக்கு மத்தியானம் இரண்டே கால். அன்று ஒன்றிலிருந்து மூன்று வரை மிஷின் ஓடியது. விசையைப் போட்டவன் நான்தான்.

ஆனால் நைனா, அது அங்கே எட்ட வழியே இல்லை. நாங்கள் சூடாக்குவது எங்கள் தலைக்கு நேர்மேலே ஒரு துண்டு. அதற்கும் நமக்கும் நடுவில் பாதி பூமி கிடக்கிறது. அதைவிட முக்கியம், சென்னை நிலையம் நம் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். அந்த அலை தரையை ஒட்டியே தவழ்ந்து நம் ஏரியலுக்கு வருகிறது. மேலே ஏறுவதே இல்லை. வானத்தில் என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. நடுக்கடலில் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றினால் நம் கிணறு சுடுமா?

இதை அம்மாவுக்குப் படித்துக்காட்டுங்கள். வேண்டாக்கா கடையிலும் படியுங்கள். எனக்காக ஒரு முறை சத்தமாகப் படியுங்கள்.

கோட்டு பெட்டியில் இருக்கிறது. பெரிய அளவுதான் வாங்கியிருந்தேன்.

கிஷோர்


வடமேட்டுக்குப்பம்,
11.3.1996

அன்பு மகனுக்கு,

அம்மா நடமாடுகிறாள். நானும் அப்படியே. பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கண் உடைந்துபோயிற்று. பாதி உலகம்தான் தெரிகிறது, அதுவே அதிகமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. படிக்கலாம் என்று இருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல். அப்புறம் மாசிமகம். அப்புறம் கடிதத்தில் கொஞ்சம் தண்ணீர் பட்டுவிட்டது, முக்கியமான வரிகள் அழிந்துவிட்டன. எனக்குப் புரியாததை நான் படித்தால் அவளுக்கு எப்படிப் புரியும்? 'தரையில் தவழும்' என்றால் 'குழந்தையா அது?' என்று கேட்பார்கள்.

மூங்கிலை இப்போதும் நானே பார்க்கிறேன். ஊர் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. 'பாவம், நீ இன்னா பண்ணுவ காத்தவராயா' என்று தோளைத் தட்டுகிறார்கள். தோள்தான் வலிக்கிறது.

நீ இப்போது வராதே. பேச்சு அடங்கட்டும்.

நைனா


டிரோம்சோ,
2.4.1996

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மாவின் காய்ச்சல் எப்படி இருக்கிறது? உங்கள் கண்ணாடியின் பவர் எண்ணை எழுதினால் இங்கிருந்து அனுப்புகிறேன்.

அழிந்த வரிகளை இன்னொரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கலாம். உங்களால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பொன்னியிடம் கொடுங்கள், எட்டாவது படிக்கிறாளே.

நைனா, விசையைப் போடும் வேலையை இப்போது பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுகிறேன். கணக்கை இருபது தரம் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் 'எட்டாது' என்றுதான் வருகிறது. ஆனால் உங்கள் காதில் கரகரப்பு கேட்டிருக்கிறதே! கணக்கைவிட உங்கள் காதைத்தான் நான் நம்புகிறேன். எனக்கு ரேடியோவைக் கற்றுக்கொடுத்த காது அது.

அதனால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். கரகரப்பு விடாமல் வந்ததா, விட்டுவிட்டு வந்ததா? அன்று நாங்கள் இரண்டு நிமிஷம் போட்டு இரண்டு நிமிஷம் நிறுத்தினோம். நீங்கள் கேட்டதும் அப்படியே என்றால் என் படிப்பு பொய். பிறகு நான் இங்கே இருக்கமாட்டேன். எங்கேயுமே இருக்க எனக்கு என்ன யோக்கியதை?

கிஷோர்


வடமேட்டுக்குப்பம்,
3.5.1996

கிஷோரு,

விடாமலும் வரவில்லை, விட்டுவிட்டும் வரவில்லை. கரகரப்பே இல்லை.

ரேடியோ கண்ணாடி மாதிரி பேசிக்கொண்டிருந்தது. ஆறே முக்காலுக்கு ஒரு நிமிஷம் முன்னால் இலங்கை நிலையத்தில் ஒரு பழைய பாட்டைப் போட்டான். எங்கள் கல்யாணத்தன்று குழாய் ஸ்பீக்கரில் போட்ட பாட்டு. உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்கட்டுமே என்று சத்தத்தைக் கூட்டினேன். அது முடிந்ததும் இன்னொன்று. சென்னைக்குத் திருப்பினபோது செய்தி முடிந்திருந்தது. இத்தனை நாளில் என்றைக்குத்தான் புயல் வந்தது, இன்றைக்கு வர என்று இருந்துவிட்டேன்.

லட்சு வாசலில் வலையை மடித்துக்கொண்டிருந்தான். 'நைனா, இன்னா சொன்னான் ரேடியோவுல?' என்றான்.

'ஒண்ணுமில்லடா' என்றேன்.

மறுநாள் கரையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் கரகரப்பு என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்தது. யோசித்துச் சொல்லவில்லை. யாரோ உன் பெயரை எடுத்தான். நான் மறுக்கவில்லை. மிஷின் ஓடியதா என்று உன்னைக் கேட்டேனே, ஓடியது, எட்டியது என்று நீ எழுதிவிடமாட்டாயா என்று எனக்குள் ஒரு நாய் காத்துக்கொண்டிருந்தது. எட்டாது என்று எழுதினாய். அந்தக் கடிதத்தில் தண்ணீர் படவில்லை. கண்ணாடியும் உடையவில்லை.

ஒரு பிள்ளையைக் கடலில் விட்டேன். பழியை இன்னொரு பிள்ளைமேல் போட்டேன். வேடிக்கையாக எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

உன் படிப்பு பொய் இல்லை. விசையைப் போடு.

காத்தவராயன்


டிரோம்சோ,
25.5.1996

நைனா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு, தென்னைமரத்தில் அந்த ஏரியலைக் கட்டும்போது நான் ஏணியில் நின்றதும், 'விழாதடா, விழாதடா' என்று கீழே நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

இதோடு இன்னொரு தாள் இருக்கிறது. அதை மட்டும் அம்மாவிடம் படியுங்கள். நீங்கள் எழுதினதைக் கிழித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

கிஷோர்

(அம்மாவுக்கு)

அம்மா, உன் காய்ச்சல் தேவலையா? நம் ரேடியோ ஏன் கரகரத்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். நவம்பர் 24 அன்று சூரியன் பயங்கரமாகச் சீறியிருக்கிறது. அந்தச் சாயங்காலம் நம் பக்கம் எந்த ரேடியோவும் பேசவில்லை. என் மிஷின்மேலும் தப்பில்லை, நைனா காதுமேலும் தப்பில்லை. நைனாவைத் திட்டாதே. அவரைச் சாப்பிடச் சொல்.


வடமேட்டுக்குப்பம்,
20.6.1996

அன்பு மகன் கிஷோருக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். எங்களுக்கு இன்று அதுவே சுகம் என்று வைத்துக்கொள்.

உன் பொய்யில் இரண்டு தப்பு இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் ஆறே முக்காலுக்கு இங்கே இருட்டிவிடும். சூரியன் சீறினால் பகல் பக்கத்துக்குத்தான் கெடுதி என்று அக்டோபரில் நீயே எழுதியிருக்கிறாய். சென்னை அலை தரையில் தவழ்வது, மேலே என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை என்று ஜனவரியில் எழுதியிருக்கிறாய். இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மூன்று தரம் உட்கார்ந்தவனே கண்டுபிடித்துவிட்டான் என்றால், எழுதும்போது நீ எப்படித் தடுமாறியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அம்மா எதிரில் உட்கார்ந்தேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்தமாகப் படித்தேன். 'நைனாவைத் திட்டாதே' என்ற இடத்தில் தாளை மடித்துவிட்டேன்.

'ரத்னா, இது பொய். ரேடியோ கரகரக்கல. நான் பாட்டு வெச்சிருந்தேன்' என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. 'தெரியும்' என்றாள்.

'எனக்குத்தானே வெச்ச அந்தப் பாட்ட. அடுப்பாண்ட நின்னு கேட்டுகினுதான் இருந்தேன். சேதி நேரம் ஆச்சேன்னு நெனச்சேன். இன்னொரு பாட்டு முடியட்டும்னு நானும் சும்மா இருந்தேன்.'

'அப்புறம் ஏன் பெரியவன் படத்தத் திருப்பி வெச்ச?'

மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். 'உன்னத் திட்டினா அப்புறம் யாருகூட சோறு துன்றது? என்னத் திட்டிக்கினா நானும் சின்னவன் பின்னாலயே கடல்ல எறங்கிடுவேன். பெரியவன் தூரத்துல கீறான். படிச்சவன். தாங்கிக்குவான்னு அவன் தலமேல வெச்சேன்' என்றாள். அப்புறம்தான் அழுதாள். ஏழு மாதத்துக்கு அப்புறம்.

அன்று சாயங்காலமே வேண்டாக்கா கடைக்குப் போய் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். அடிப்பார்கள் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். யாரும் கை ஓங்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வேண்டாக்கா ஒரு டீயை முன்னால் வைத்தாள். குடித்து முடித்ததும் முதல் தடவையாகக் காசு வாங்கிக்கொண்டாள். அது சரிதான். ரேடியோவையும் சிவப்புத் துணியையும் பொன்னியிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பாட்டுப் பிடிக்காதாம்.

வானத்துக்கு இன்னா வலி என்று அம்மா கேட்டாளே, அதற்கு நீ பதில் எழுதவே இல்லை. வேண்டாம், விடு. மிஷினை அணைத்தால் சில நிமிஷத்தில் பழையபடி ஆகிவிடும் என்றாய். வானம் கொடுத்துவைத்தது.

உன் படம் இப்போது நேராக இருக்கிறது. கொஞ்சம் கோணல், நான் மாட்டியது.

கீழே இடம் விட்டேன். அதில் தான் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறாள் அம்மா.

என்றும் உன்,
நைனா

கிஷோரு, அம்மா. லீவு குடுத்தா வா. அந்த மஞ்ச கோட்ட பொட்டியில வெக்காத, நீ போட்டுகினு வா. வெயிலா இருந்தாலும் போட்டுகினு வா. நான் மணமேட்டுல நிக்கிறேன். நீ வர்றது எனக்குத் தூரத்துலயே தெரியணும்.